"அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று எழுந்து போகும் வியட்நாமிய மாமியாரிடம் எதைக் கேட்பது?

வணக்கம். உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரின் அம்மா 80களின் தொடக்கத்தில் தெற்கு வியட்நாமிலிருந்து படகில் கிளம்பியவர். கூட வந்தவர்கள் கணவர், 3 வயதுப் பையன் (இன்று உங்கள் கணவர்), 17 வயதுத் தம்பி. மலேசியாவின் பிடோங் தீவு முகாமில் சில மாதம் இருந்துவிட்டு மெல்பர்ன் வந்தார்கள். மாமனார் இப்போது இல்லை. அடுத்த வருடம் மாமியாருக்கு 75 நிறைகிறது. அவர் வாழ்க்கையை ஒரு சிறு புத்தகமாக்கி அன்றைக்கு அவர் கையில் கொடுக்க ஆசைப்படுகிறீர்கள். பேச்சை எடுத்தாலே "அதெல்லாம் ஒன்றுமில்லை, வந்தோம், பிழைத்தோம்" என்று அடுப்படிக்குப் போய்விடுகிறார். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினாலே கூச்சப்படுகிற ஒருவரை அவர் மனம் நோகாமல் எப்படிக் கௌரவிப்பது?

மெல்பர்னின் மேற்குப் புறநகரில், புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கான சேவையிலும் பிறகு முதியோர் பராமரிப்பிலும் பல வருடம் வேலை பார்த்தவன் நான். வாய்மொழி வரலாறு பதிவு செய்வதில் முறையான பயிற்சி உண்டு. ஃபுட்ஸ்கிரே, சன்ஷைன் பக்கம் என்னிடம் வந்த முதியவர்களில் வியட்நாமியப் பெண்கள் நிறையப் பேர். ஆனால் என் வியட்நாமிய மொழி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். மற்றதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டது. நான் மருத்துவனும் இல்லை. மன அதிர்ச்சி பற்றி கீழே சொல்வதை அந்த வரம்போடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலில் மட்டும் தொடங்காதீர்கள். புத்தகம் என்றதும் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது படகுதான். அந்தப் பயணம் சில நாள். மிஞ்சினால் இரண்டு மூன்று வாரம். அதற்கு முன்னால் ஐந்தாறு வருடம் இருக்கிறது, பின்னால் நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கிறது. அவர் குடும்பத்துக்காகச் செய்ததில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது, அதை யாரும் கேட்பதும் இல்லை. கடலைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதைவிடக் கனமான காரணமும் உண்டு. தாய்லாந்து வளைகுடாவில் கடற்கொள்ளையர்கள் செய்தது வெறும் திருட்டு அல்ல. 1981-ல் தாய்லாந்து வந்து சேர்ந்த 452 படகுகளில் 349 தாக்கப்பட்டன, அதுவும் சராசரியாக மூன்று முறை. 578 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள், 228 பெண்கள் கடத்தப்பட்டார்கள், 881 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். இது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்கு. வெளியே சொன்னவர்களை வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். மலேசியாவுக்குப் போன படகுகளும் அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் போயின. குழந்தையோடு கிளம்பியவர்களுக்கு இன்னொரு பயம். இருட்டில் பதுங்கிக் கிளம்பும்போது குழந்தை அழுதால் காவல்காரர்களுக்குக் கேட்டுவிடும் என்று தூக்க மருந்து கொடுத்தார்கள். அளவு தவறி, கண் விழிக்காமலே போன குழந்தைகள் உண்டு.

உங்கள் மாமியாருக்கு இதில் எது நடந்தது, நடக்கவில்லை என்று நான் ஊகிக்கவே மாட்டேன். நீங்களும் ஊகிக்க வேண்டாம். ஒரு பெண் நாற்பது வருடமாக ஒரு விஷயத்தை மகன் காதில் போடாமல் வைத்திருக்கிறார் என்றால், அது அவரே எடுத்த முடிவாக இருக்கலாம். பிறந்தநாள் புத்தகத்துக்காக அதைக் கலைக்க நமக்கு உரிமை இல்லை. அவராகவே ஒரு நாள் ஆரம்பித்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். பதிவு வேண்டாம், "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற தூண்டலும் வேண்டாம். வயதாக ஆக, அடக்கி வைத்திருந்தவை தூக்கத்தில் எட்டிப் பார்ப்பதைப் பராமரிப்பு வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பேச ஆரம்பித்த பிறகு அவருக்குத் தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு குறைந்தாலோ, நிறுத்திவிட்டுக் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். விக்டோரியாவில் இதற்கென்றே ஃபவுண்டேஷன் ஹவுஸ் இருக்கிறது, நியூ சவுத் வேல்ஸில் ஸ்டார்ட்ஸ் இருக்கிறது. இரண்டும் சித்திரவதையிலும் போரிலும் அடிபட்டு வந்த அகதிகளுக்காக 80களின் பிற்பகுதியில் தொடங்கியவை.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இப்படிப்பட்ட புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. 1975 முதல் 1995 வரை படகில் அக்கம்பக்க நாடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் கிட்டத்தட்ட 8 லட்சம். கரையேறியவர்களை முகாமில் பதிந்தார்கள், அதனால் அந்தக் கணக்கை நம்பலாம். கடலில் இறந்தவர்கள் 2 லட்சம் முதல் 4 லட்சம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும். அது மதிப்பீடு மட்டுமே. திருட்டுத்தனமாகக் கிளம்பிய படகுகளை யாரும் எண்ணவில்லை, எண்ணவும் வழியில்லை. இதையே உங்கள் குடும்பக் கதைக்கும் பொருத்திப் பாருங்கள். படகில் எத்தனை பேர், எத்தனை நாள் தண்ணீரில்லாமல் இருந்தார்கள் என்பதை மாமியார் ஒரு விதமாகவும் தம்பி வேறு விதமாகவும் சொல்வார்கள். இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்று பெயரோடு. சமரசமாக நடுவில் ஓர் எண்ணைப் போடாதீர்கள்.

சரி, கேட்க வேண்டியது என்ன? 1975 ஏப்ரல் 30-ல் தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்கின் கம்யூனிஸ்ட் படையிடம் விழுந்ததிலிருந்து படகு கிளம்பிய நாள் வரைக்கும் வீடு எப்படி நடந்தது என்று கேளுங்கள். மாமனார் தோற்றுப்போன பழைய தெற்கு ராணுவத்தில் எழுத்தராக இருந்தார் என்று மட்டும் தெரியும் என்கிறீர்கள். அவர் பதவி என்ன என்று தெரிந்துகொள்வது முக்கியம். சாதாரணச் சிப்பாய்களுக்கும் கீழ்நிலை ஊழியர்களுக்கும் பெரும்பாலும் உள்ளூரில் சில நாள் அரசியல் வகுப்போடு முடிந்தது. அதிகாரிகளை ஒரு மாதத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டு மறுகல்வி என்ற பெயரில் நடந்த சிறை முகாம்களில் வருடக்கணக்கில் வைத்தார்கள். 17 வருடம் உள்ளே இருந்தவர்களும் உண்டு. மாமனார் எந்தப் பக்கம் என்று உங்கள் கேள்வியை வைத்து என்னால் சொல்ல முடியாது. முகாமுக்குப் போனவர் என்றால், உங்கள் மாமியாரின் கதையில் ஒரு பெரிய அத்தியாயம் உங்களுக்குத் தெரியாமலே இருக்கிறது. அந்தக் காலத்து மனைவிமார்கள் உலர்ந்த மீன், வறுத்த இறைச்சித் தூள், வெல்லம், மருந்து எல்லாம் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு, பலர் மூன்று நாள் ரயிலேறி வடக்கே மலைப்பகுதி வரை போய், கால் மணி நேரமோ அரை மணி நேரமோ கணவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. மூட்டையில் என்ன வைத்தீர்கள், அதற்குப் பணம் எப்படிப் புரட்டினீர்கள் என்று கேட்டால் பதில் வரும். "கஷ்டமாக இருந்ததா?" என்று கேட்டால் வராது.

மாமனார் முகாமுக்கே போகாதவராக இருந்தாலும் அந்த வருடங்கள் லேசானவை இல்லை. 1975 செப்டம்பரில் பழைய பணம் 500-க்குப் புதுப் பணம் 1 என்று மாற்றினார்கள், அதிலும் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு. 1978-ல் மறுபடியும் ஒரு மாற்றம். அதே வருடம் தெற்கில் தனியார் வியாபாரத்தை மூடினார்கள். சேமிப்பு என்றால் தங்கம்தான் என்று மக்கள் முடிவு செய்தது இதனால்தான். அங்கே தங்கத்தை எண்ணுவது 37.5 கிராம் அளவில், நம் கணக்கில் நாலே முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. படகுக்காரரிடம் ஆளுக்கு இத்தனை என்று அந்த அளவில்தான் பேசினார்கள். மெல்லிய தகடுகளாக இருந்ததால் துணி மடிப்பில் வைத்துத் தைக்க முடிந்தது. அந்தத் தங்கத்துக்காக எதை விற்றார், யாரிடம் கடன் வாங்கினார், முதல் முயற்சியிலேயே தப்பினார்களா என்று கேளுங்கள். ஏமாற்றப்பட்டு, பிடிபட்டு, குழந்தையோடு சிறையில் இருந்துவிட்டு மறுபடி முயன்ற பெண்கள் ஏராளம். ரேஷனில் அரிசி குறைந்து போபோ என்ற முரட்டுத் தானியத்தைக் கலந்து சமைத்த காலமும் அதுதான். போபோ என்று நீங்கள் சொன்னாலே அவர் சிரிப்பார் அல்லது முகம் சுளிப்பார். அங்கிருந்து பேச்சு ஓடும்.

ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்பதைவிட, ஏன் அந்த வருடம் என்று கேட்டுப் பாருங்கள். தம்பிக்கு 17 வயது என்று எழுதியிருந்தீர்கள். 1978 கடைசியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் படை அனுப்பியது, அடுத்த பத்து வருடம் இளைஞர்களைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பதினெட்டு நெருங்கும் பையனை வைத்திருந்த வீடுகள் அதனாலேயே அவசரப்பட்டன. இன்னொரு காரணம் படிப்பு. அப்பா பழைய அரசில் வேலை பார்த்தவர் என்று குடும்பப் பின்னணித் தாளில் இருந்தால் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு பெரும்பாலும் மூடியிருந்தது. 3 வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கியவர் கணக்குப் போடாமல் இறங்கியிருக்க மாட்டார். அந்தக் கணக்கை அவர் வாயால் கேட்பது, அலையையும் புயலையும் பற்றிக் கேட்பதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

பிடோங் பற்றிப் பேசப் பெரும்பாலானவர்களுக்குத் தயக்கம் இருப்பதில்லை, சிலருக்கு உற்சாகமே வரும். தெரெங்கானு கரைக்கு அப்பால், சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் தீவு. 1978 ஆகஸ்டில் முகாமாகத் திறந்தது, 1991-ல் மூடினார்கள். 1979 நடுவில் அங்கே 40,000 பேர் வரை நெருக்கியடித்து இருந்தார்கள். அந்த ஜூலையில் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் பல நாடுகள் அகதிகளை ஏற்க ஒப்புக்கொண்ட பிறகு நெரிசல் குறைந்தது. உங்கள் குடும்பம் போனது அதற்குப் பிறகு என்பதால், பழைய படங்களில் பார்க்கும் நெரிசலை அப்படியே அவர் கதையில் ஒட்டிவிடாதீர்கள். உடைந்த படகுப் பலகையில் கட்டிய குடிசைகள், கரையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர், டின் மீன், குன்றின் மேல் கோயிலும் சர்ச்சும், முடி வெட்டும் கடை, தையல் கடை, காப்பிக் கடை எல்லாம் அங்கே இருந்தன. முகாமில் ஒவ்வொரு படகுக்கும் ஓர் எண் உண்டு. ஒலிபெருக்கியில் கூப்பிடுவதும் கடிதம் தேடுவதும் அந்த எண்ணை வைத்துத்தான், அதனால் பலருக்கு இன்றைக்கும் மனப்பாடம். "படகு எண் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அந்த எண்ணை வைத்தே கூட வந்தவர்களைத் தேடிப் பிடித்த குடும்பங்கள் உண்டு. பெயரும் எண்ணும் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு முகாமில் எடுத்த படம், ஐசிஎம் (அகதிகளின் பயணத்தை ஏற்பாடு செய்த பன்னாட்டு அமைப்பு) என்று எழுதிய பிளாஸ்டிக் பை, எக்ஸ்ரே தாள் இவையெல்லாம் பீரோவில் எங்கேயாவது இருக்கும். ஆவணம் என்ற வகையில் எந்த நினைவையும்விட உறுதியானவை இவைதான். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறையிடமிருந்து அவருடைய கோப்பைத் தகவல் சட்டத்தின் கீழ் கேட்டும் பார்க்கலாம். ஒன்று, பிறந்த தேதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். முகாமில் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொன்னவர்கள் நிறைய. 75 என்பது காகிதத்து 75-ஆ, நிஜமான 75-ஆ என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கேக் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்பது நல்லது.

இனி மெல்பர்ன். என்னைக் கேட்டால் புத்தகத்தில் பாதிப் பக்கம் இதற்குப் போக வேண்டும். அம்மா வீட்டிலேயே துணி தைத்தார் என்பதைப் பிள்ளைகள் போகிற போக்கில் சொல்வார்கள், நீங்களும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்குள் பத்துப் பதினைந்து வருடம் இருக்கலாம். இடைத்தரகர் வேனில் வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார், நாலு நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும், கூலி உருப்படிக்கு இத்தனை என்று. விடுமுறையும் இல்லை, நோய் விடுப்பும் இல்லை. பலருக்கு அந்தக் கூலி சட்டப்படி கிடைக்க வேண்டியதில் பாதி கூட வரவில்லை. தரகர் ஏமாற்றினால் எங்கே போய்க் கேட்பது என்றும் தெரியாது. ஆனாலும் பெண்கள் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. குழந்தை கண் முன்னால் இருக்கும், ஆங்கிலம் தேவையில்லை. கேரேஜில் ஓவர்லாக் மிஷின், மாலையில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் நூல் வெட்டிக் கொடுப்பது, காலரைத் திருப்பிக் கொடுப்பது. உங்கள் கணவருக்கே இது நினைவிருக்கும், அவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். ஒரு சட்டைக்கு எவ்வளவு, மிஷின் புதிதா பழையதா, முதலில் வாங்கிய பெரிய பொருள் என்ன, எந்த வருடம் தைப்பதை நிறுத்தினீர்கள் என்று கேட்டால், கூச்சமுள்ளவர்கள்கூடத் தயங்காமல் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். பாராட்டைக் கேட்டால் நெளிகிறவர்கள் விலைவாசி பேசும்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தக் காசு எங்கே போனது என்று பார்த்தால் இன்னும் விரியும். ஊரில் விட்டு வந்தவர்களுக்குப் பெட்டி அனுப்புவது 80களில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடந்தது. மருந்து, துணி, சோப்பு என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். பயன்படுத்த மட்டுமல்ல, அங்கே சந்தையில் விற்றுக் காசாக்கிக்கொள்ளவும்தான். பிறகு அண்ணன் தம்பி, அக்கா தங்கையை ஒவ்வொருவராக முறைப்படி அழைத்துக்கொள்ளும் செலவு. வங்கிக் கடன் கிடைக்காதபோது கை கொடுத்தது ஹுய். நம் ஏலச்சீட்டேதான், பெரும்பாலும் பெண்கள் நடத்தியது. பல வீடுகளின் முன்பணமும் கடைகளின் முதலும் அதிலிருந்து வந்தன. சீட்டுக்காரி ஓடிப்போன கதைகளும் நம் ஊர் மாதிரியே உண்டு. உங்கள் அம்மாவோ அத்தையோ சீட்டுப் போட்டிருந்தால் அந்தக் கதையை நீங்கள் முதலில் சொல்லுங்கள், அவர் தன் கதையைச் சொல்லுவார். நீங்கள் தமிழ்ப் பெண் என்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சைகோன் நடுவில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாமியர்களும் சீனர்களும் இன்றும் அங்கே போய் வேண்டிக்கொள்கிறார்கள். அவர் சைகோன்காரர் என்றால் அந்தக் கோயில் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கூட வராதவர்களைப் பற்றி மெதுவாகக் கேளுங்கள். கடலில் போனவர்களுக்கு இறந்த தேதி தெரியாததால், வீட்டை விட்டுக் கிளம்பிய நாளையே திதியாக வைத்துப் படைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில் யார் யார் படம் இருக்கிறது, எந்த நாளில் யாருக்குச் சமைக்கிறார் என்பதைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். அவருடைய சொந்த அம்மாவைப் பற்றியும் கேளுங்கள். 80களில் கிளம்பியவர்களுக்கு 90கள் வரை ஊருக்குத் திரும்பிப் போவது அநேகமாக முடியாத காரியம். அதற்குள் பெற்றோரை இழந்து, செய்தி மட்டும் கடிதத்தில் வந்தவர்கள் பலர். தன்னைப் பற்றிப் பேச மறுப்பவர் அம்மாவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடும். அந்தப் பேச்சில் அவரும் வந்துவிடுவார்.

நடைமுறை எளிதுதான். எதிரில் மைக் வைத்து உட்கார வைக்காதீர்கள். காய் நறுக்கும்போது, ஸ்பிரிங் ரோல் சுருட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். பதிவு செய்வதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் வியட்நாமிய மொழியிலேயே பேசட்டும், மொழிபெயர்ப்பைப் பிறகு பார்க்கலாம். மகனிடம் சொல்லாததைப் பேத்தியிடம் சொல்வது நான் பல வீடுகளில் கண்டது. உங்களிடமும் சொல்லலாம், மருமகள் என்ற தூரம் சில நேரம் உதவும். வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதே தெருக்காரர் வேண்டாம். சமூகம் சிறியது, பேச்சு பரவும்.

எழுதும்போது, தயவுசெய்து அவரைத் தெய்வமாக்காதீர்கள். "தியாகத்தின் திருவுருவம்" என்று அட்டையில் போட்டால் அவர் இன்னும் வேகமாக அடுப்படிக்குப் போவார். சீட்டாட்டத்தில் கில்லாடி என்றால் அதை எழுதுங்கள். பிள்ளைகளை மார்க்குக்காகத் திட்டித் தீர்த்தார் என்றால் அதையும், உங்கள் கணவருக்கு அதில் இன்னும் வருத்தம் இருந்தால் அந்த வருத்தத்தையும். மகனை ஒரு கண்ணாலும் மகளை ஒரு கண்ணாலும் பார்த்தார் என்று நாத்தனார் சொன்னால், அதற்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுக்கலாம். வியட்நாமியப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. அதனால் அட்டையில் அவருடைய சொந்தப் பெயர் முழுதாக, எழுத்துகளுக்கு மேலும் கீழும் வரும் ஒலிக்குறிகள் ஒன்றும் விடாமல் இருக்கட்டும். ஆஸ்திரேலியக் காகிதங்களில் நாற்பது வருடமாக அந்தக் குறிகள் இல்லாமல்தான் அது அச்சாகி வந்திருக்கும்.

அப்புறம், விழா அன்று திடீரென்று கையில் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னால், பெரிய எழுத்தில் வியட்நாமிய மொழியில் அச்சடித்த வரைவைப் பேனாவோடு அவரிடம் கொடுங்கள். எதை வேண்டுமானாலும் அடிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். அடித்த வரிகளைப் பற்றி யாரும், குறிப்பாக உங்கள் கணவர், திரும்பக் கேட்கக் கூடாது. ஒலிப்பதிவுகளை யார் வைத்துக்கொள்வது, அவர் காலத்துக்குப் பிறகு யார் கேட்கலாம் என்பதையும் அவரையே முடிவு செய்யச் சொல்லி, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.